‘ஆவன செய்யவும்!’ : ஆபீஸ் இங்கிலீஷ் நம்மிடம் வந்த கதை

 

மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் போன் செய்து, "மெக்கானிக்கல்காரன் நீ, ஏதாச்சும் டெக்னிக்கலா எழுதிக் குடுப்பா" என்றார். டெக்னிக்கலாக எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் சங்கத்தில் ஏராளம். நான் எழுதப்போவது வேறு விஷயம். நாலு வருஷம் நம் கல்லூரியில் படித்தும் பிடிபடாமல், வேலைக்குப் போன பிறகு பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று. அதுதான் இங்கிலீஷ். அதிலும் இலக்கண இங்கிலீஷ் அல்ல. ஆபீஸிலும் வியாபாரத்திலும் பேச்சுவாக்கில் வந்து விழுகிறதே, அந்த இங்கிலீஷ். அதற்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தில் தமிழனுக்கும் தமிழுக்கும் பெரிய பங்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் நம் மாணவர்களுக்குப் பாதி பயம் போய்விடும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேங்கிக்காலில் ஒரு திங்கட்கிழமை

1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலை மாவட்டம் உருவாக்கப்பட்டது. அதற்கு முன்பு கலெக்டரைப் பார்க்க வேண்டுமானால் நம் பக்கத்து ஜனங்கள் வேலூருக்குப் பஸ் ஏற வேண்டும். இன்று கலெக்டர் ஆபீஸ் வேலூர் ரோட்டில், நம் வேங்கிக்காலிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அந்த வாசலில் கூடும் கூட்டத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு திங்கட்கிழமை அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். பாகப்பிரிவினைக்குப் பிறகு பட்டா மாற்ற வேண்டும். வாசலில் மனு எழுதித் தரும் பெரியவர் ஒருவர் கடகடவென்று எழுதினார். கடைசி வரியை உரக்கப் படித்தார்: "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அப்பா மெதுவாகக் கேட்டார். "ஐயா, இந்த ‘ஆவன’ன்னா இன்னா அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் எதுக்குங்க? அது இருந்தாத்தான் மனு. இல்லாட்டி வெறும் லெட்டரு!"

அப்போது சிரித்தேன். எத்தனை பெரிய உண்மையை அவர் சொன்னார் என்பது பிற்பாடுதான் விளங்கியது. சில சொற்களுக்கு அகராதியில் இருக்கும் பொருள் வேறு, அவை செய்யும் வேலை வேறு.

இருபத்திரண்டு வயதில் வாங்கிய அடி

படித்து முடித்து, மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அமெரிக்க வாடிக்கையாளருக்கு நான் எழுதிய முதல் ஈமெயிலின் கடைசி வரி: "ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்." நம் மனு எழுத்தாளரின் ‘ஆவன செய்யவும்’தான்! பதில் வந்தது. நான் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய், தெளிவாகச் சொல், என்று கேட்டிருந்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

அடுத்த அடி இன்னும் பலமானது. போனில் வேறொரு வாடிக்கையாளர், மாலைக்குள் ஒரு "பால்பார்க் ஃபிகர்" கொடு என்றார். விலை கேட்கிறார் என்று மட்டும் புரிந்தது. மூலப்பொருள், மெஷின் நேரம், கூலி, பேக்கிங் என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டு, தசம புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை துல்லியமாக மூன்றாம் நாள் அனுப்பினேன். அவர் கேட்டது குத்துமதிப்பான ஒரு தொகை. அமெரிக்காவின் பேஸ்பால் மைதானத்துக்குப் பெயர் பால்பார்க். பந்து மைதானத்துக்குள் எங்கே விழுந்தாலும் சரி, வெளியே போகாமல் இருந்தால் போதும் என்கிற மாதிரியான விலை. நான் அனுப்பிய போது அவர் பட்டியலை மூடிவிட்டார். ஆர்டர் போச்சு!

என் மேலதிகாரி திட்டவில்லை. "புரியலைன்னா ஏன்ப்பா கேக்கலை?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. கேட்டால் ‘இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது’ என்று ஆகிவிடுமே!

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இந்தச் சொல் ஆராய்ச்சி. வருஷக்கணக்கில் தேடிப் படித்ததில் கிடைத்தவற்றைக் கீழே தருகிறேன்.

கோட்டைக்குள் ரைட்டர், வாசலில் துபாஷி

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் காலூன்றியது. கம்பெனியில் கடைநிலை உத்தியோகத்துக்குப் பெயர் ‘ரைட்டர்’. எழுத்து வேலை பார்க்கும் குமாஸ்தா என்று பொருள். 1744-இல் பதினெட்டு வயதில் சென்னைக்கு வந்து இறங்கிய ராபர்ட் கிளைவ் ஒரு ரைட்டர்தான்! இங்கிலாந்தில் இன்று ‘ரைட்டர்’ என்றால் கதை, கட்டுரை எழுதுகிறவர். நம் போலீஸ் ஸ்டேஷனிலோ இன்றும் ‘ஸ்டேஷன் ரைட்டர்’ உட்கார்ந்து புகார் எழுதிக்கொண்டிருக்கிறார். கம்பெனி போய்விட்டது, கம்பெனியின் சொல் மேஜையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அந்த ரைட்டருக்குத் தமிழ் தெரியாது, நெசவாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்றவர் துபாஷி. ‘இரு மொழிக்காரர்’ என்பது பொருள். வெறும் மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்துவிடாதீர்கள். தரகர், பைனான்ஸ்காரர், ஆலோசகர் எல்லாம் அவரே. நமக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு இன்றும் சரித்திரக்காரர்களுக்குப் பொக்கிஷம். சென்னையில் துபாஷியாகப் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியாரின் (1754-1794) அறக்கொடையில்தான் பச்சையப்பன் கல்லூரி நடக்கிறது. பேச்சு வழக்கு தெரிந்தவனுக்கு அன்றைக்கே என்ன மதிப்பு என்று பாருங்கள்!

இப்படி இரண்டு நூற்றாண்டு பேரம் பேசியதில் சொற்கள் இரண்டு பக்கமும் கைமாறின. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் மூன்றும் ‘கேட்டமரான்’, ‘செரூட்’, ‘முல்லிகடானி’ என்று கப்பலேறின. ‘கேஷ்’ என்பதும் நம் காசுதான் என்று பலர் மேடையில் பெருமையாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. ரொக்கம் என்ற பொருளில் வரும் ‘கேஷ்’, பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. ஆனால் கீழை நாடுகளின் சின்ன நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த ‘கேஷ்’ நம் காசு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது பழைய சென்னைக் கணக்கு. இரண்டு வேர், ஒரே எழுத்து. மொழி என்பது இப்படித்தான் குழம்பிக் குழம்பி வளர்கிறது.

ஒரு இன்ஜினியரும் ஒரு ஜட்ஜும்

இந்தச் சொற்களை எல்லாம் தேடிப் பிடித்து அகராதி போட்டவர்கள் இருவர். ஒருவர் ஹென்றி யூல். நம் இனம்! வங்காள இன்ஜினியர்ஸ் படையில் இருந்தவர், யமுனைக் கால்வாயிலும் பிறகு ரயில்வேயிலும் வேலை பார்த்தவர். மற்றவர் ஆர்தர் பர்னல். 1860-இல் சென்னை மாகாணத்துக்கு ஐ.சி.எஸ். அதிகாரியாக வந்தவர், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்து அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். இருவரும் கடிதங்கள் வழியாகவே பல ஆண்டுகள் சேகரித்த அகராதி ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’. பர்னல் 1882-இல் காலமாகிவிட, 1886-இல் யூல் அதை வெளியிட்டார்.

பெயரே வேடிக்கை. மொகரம் ஊர்வலத்தில் "யா ஹசன்! யா ஹுசைன்!" என்று எழுந்த குரல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் அப்படி விழுந்ததாம்! கேட்பதைத் தன் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொள்வதில் வெள்ளைக்காரனும் நாமும் ஒன்றுதான்.

அந்த அகராதியில் நான் ரசித்த சொல் ‘டிஃபன்’. இது தமிழுமில்லை, இந்தியுமில்லை. சாப்பாட்டு வேளைக்கு நடுவில் கொறிப்பதையும் குடிப்பதையும் குறித்த ‘டிஃபிங்’ என்கிற இங்கிலாந்துக் கொச்சைச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள் இருவரும். 1785-இல் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் இங்கிலாந்தில் தொகுத்த கொச்சைமொழி அகராதியிலேயே அது இருக்கிறது. தெருச் சொல்லாகப் பிறந்து, தாய்நாட்டில் மறக்கப்பட்டு, நம் ஊரில் இட்லியாகவும் பொங்கலாகவும் வாழ்கிறது. கேண்டீனில் "அண்ணே, டிபன் ரெடியா?" என்று நாம் கத்தியதெல்லாம் இருநூறு வருஷத்துப் பழைய லண்டன் பாஷை!

‘பட்லர் இங்கிலீஷ்’ பற்றியும் அதில் வருகிறது. சென்னை மாகாணத்தில் துரை வீட்டு வேலைக்காரர்கள் பேசிய உடைந்த ஆங்கிலம் என்று கொஞ்சம் இளக்காரமாகவே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் காட்டும் உதாரணம்: ‘ஐ டெல்லிங்’ என்றால் சொல்லுவேன், ‘ஐ டன் டெல்’ என்றால் சொல்லிவிட்டேன். படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாம் எப்படிப் பேசுகிறோம்? "நாளைக்கு வருவேன்" என்றா? "நாளைக்கு வரேன்" என்றுதானே! நிகழ்காலத்தில்தான் எதிர்காலத்தைச் சொல்கிறோம். முடிந்த வேலைக்கு "சொல்லியாச்சு" என்கிறோம். ‘ஐ டெல்லிங்’ என்பது ‘சொல்றேன்’. ‘ஐ டன் டெல்’ என்பது ‘சொல்லியாச்சு’. பள்ளிக்கூடம் போகாத அந்த மனிதர்கள் ஆங்கிலத்தை உடைக்கவில்லை ஐயா, தமிழ்ச் சட்டத்தில் ஆங்கிலச் சொற்களைப் பொருத்தி ஓட்டினார்கள். இன்றும் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுப் பயணியிடம் "ஃபைவ் மினிட்ஸ், ஐ கமிங்" என்று சொல்லிவிட்டுச் சரியாக வந்து நிற்கும் ஆட்டோ அண்ணனும் அதே வழிதான். அவருக்குக் கூச்சம் இல்லை, வண்டி ஓடுகிறது.

சரி, ‘டூ தி நீட்ஃபுல்’ கதை என்ன? அதுவும் சுத்தமான இங்கிலாந்துச் சரக்கு. ஒரு காலத்தில் அங்கே கடிதங்களில் சாதாரணமாகப் புழங்கியது. கொச்சையில் ‘தி நீட்ஃபுல்’ என்றால் பணம் என்றுகூட ஒரு பொருள் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அங்கே மங்கிப் போயிற்று, இங்கே ஃபைல்களில் நிலைத்துவிட்டது. 1956-இல் சென்னை மாகாண ஆட்சிமொழிச் சட்டம் வந்து அலுவலகங்கள் தமிழுக்கு மாறியபோது, அந்த வாசகத்தின் வேலையை ‘ஆவன செய்யவும்’ ஏற்றுக்கொண்டது என்பது என் ஊகம். ஆக, வேங்கிக்கால் மனுவும் என் ஈமெயிலும் ஒரே குடும்பம். அமெரிக்கருக்குப் புரியாதது என் பிழையால் அல்ல. அவர் பார்த்திராத தாத்தா காலத்து நாணயத்தை நான் நீட்டியதால்!

வெள்ளைக்காரனுக்கே புரியாத இங்கிலீஷ்

நமக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய சமயம், பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ அதிகாரிகள் ஒரு காகிதத்தை ‘டேபிள்’ செய்வது பற்றி நீண்ட நேரம் காரசாரமாக வாக்குவாதம் செய்ததைச் சர்ச்சில் தன் போர் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு உடனே விவாதத்துக்கு எடுப்பது என்று பொருள். அமெரிக்காவில் ஒத்திப்போடுவது! கடைசியில் பார்த்தால் இரு தரப்பும் விரும்பியது ஒன்றேதான்.

அது சிரிப்பில் முடிந்தது. இன்னொன்று அப்படி முடியவில்லை. 1951 ஏப்ரல், கொரியப் போர். இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படையை மிகப் பெரிய சீனப் படை நெருக்கியது. பிரிகேடியர் பிராடி, தன் மேலதிகாரியான அமெரிக்க ஜெனரலிடம் நிலைமை ‘எ பிட் ஸ்டிக்கி’ என்று சொன்னதாகச் சொல்வார்கள். ‘கொஞ்சம் சிக்கல்’ என்கிற மாதிரி. பேரபாயத்தையும் அடக்கிச் சொல்வது பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்கரோ சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, சமாளித்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டார். குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு ஒரு குன்றில் சுற்றி வளைக்கப்பட்டு, பெரும்பாலோர் மாண்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். தப்பியவர் மிகச் சிலரே. இருவருக்கும் தாய்மொழி ஆங்கிலம் என்பதை மறக்கவேண்டாம்!

நாம் தினமும் சொல்லும் ‘டெட்லைன்’ கூட ரத்தத்தில் பிறந்ததுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் வேலிக்கு உள்ளே ஒரு எல்லைக்கோடு. அதைத் தாண்டிய கைதி சுடப்படுவான். அந்தக் கோட்டுக்குப் பெயர் ‘டெட் லைன்’. இன்று ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு வைக்கிறோம். ‘ஓ.கே.’யோ விளையாட்டில் பிறந்தது. 1839-இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில், ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே தப்பாக எழுத்துக்கூட்டிச் சுருக்கிய கேலிதான் அது. கேலியாக வந்த பிழை, உலகம் முழுவதும் தலையாட்டும் சொல்லாகிவிட்டது.

எது பிழை?

இதையெல்லாம் பார்த்த பிறகு, நம் இங்கிலீஷைக் கேலி செய்பவர்களிடம் சில சமாதானங்கள் சொல்லத் தோன்றுகிறது. ‘பாஸ்டு அவுட்’ என்றால் வெளிநாட்டில் மயங்கி விழுவது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவது இன்றும் ‘பாஸிங் அவுட் பரேடு’ தானே? சென்னையிலேயே நடக்கிறதே! ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்பது, அதிகாரியின் பணியிடத்தை ‘ஸ்டேஷன்’ என்று சொன்ன காலத்தின் மிச்சம். ‘ப்ரீபோன்’ என்ற சொல்லை இந்தியர்கள் இட்டுக்கட்டினார்கள் என்பார்கள். இதே பொருளில் 1913-லேயே அமெரிக்கப் பத்திரிகைக் கடிதம் ஒன்றில் அது வந்திருப்பதை ஆக்ஸ்போர்டு அகராதி காட்டுகிறது. அதே அகராதி 2016-இல் நம் ‘ஐயோ’வையும் சேர்த்துக்கொண்டது. ஐயோ!

அதற்காக எப்படி வேண்டுமானாலும் பேசலாம், எழுதலாம் என்று நான் சொல்லவில்லை. மெக்கானிக்கல்காரனாக ஒரு உதாரணம் சொல்கிறேன். டிராயிங்கில் ஒரு அளவுக்குப் பக்கத்தில் டாலரன்ஸ் போடவில்லை என்றால் என்ன செய்வோம்? மூலையில் டைட்டில் பிளாக்கைப் பார்ப்போம். பொதுவான டாலரன்ஸ் அங்கே அச்சாகியிருக்கும். பேச்சு வழக்குச் சொல்லும் டாலரன்ஸ் போடாத அளவு மாதிரிதான். ஒரே ஊரில், ஒரே ஆபீஸில் வளர்ந்தவர்களுக்கு டைட்டில் பிளாக் மனப்பாடம். வெளியிலிருந்து வருபவனுக்கு அந்தத் தாளைக் காட்டவே இல்லை. காட்டாத தாளைப் படிக்காதது முட்டாள்தனம் ஆகாது. கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எனவே தம்பி தங்கைகளுக்கு மூன்று யோசனைகள். ஒன்று, புரியாத சொல் வந்தால் அங்கேயே, அப்போதே "நீங்கள் சொல்வது இதுதானா?" என்று கேளுங்கள். இரண்டு, நீங்கள் எழுதும்போது நீட்ஃபுல் வேண்டாம். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். மூன்று, கேட்ட புதுச் சொற்களை ஒரு சின்ன நோட்டில், யார் எந்தச் சமயத்தில் சொன்னார் என்பதோடு குறித்து வையுங்கள். யூலும் பர்னலும் செய்தது அதைத்தான்.

ஒரு நண்பனுக்காக

இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. எங்கள் செட்டில் ஒருவன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் எங்களுக்கெல்லாம் அவன்தான் வாத்தியார். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து அவன் சொல்லிக்கொடுத்துப் பாஸான ஆறு பேரில் நானும் ஒருவன். நல்ல வேலைக்குப் போனான். எட்டே மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

போன வருஷம் வேங்கிக்கால் ஏரிக்கரைப் பக்கம் டீக்கடையில் சொன்னான். ஒரு மீட்டிங்கில் பெரிய அதிகாரி அவனைப் பார்த்து, "ஆர் வீ ஆன் தி சேம் பேஜ்?" என்று கேட்டிருக்கிறார். நாம் ஒத்த கருத்தில் இருக்கிறோமா என்பது பொருள். இவன் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, "ஐ ஆம் இன் பேஜ் ஃபோர்ட்டீன், சார்" என்றானாம். அறையே சிரித்திருக்கிறது.

"அதுக்கப்புறம் வாயே தெறக்கலடா மாப்ளே. கணக்கு தப்பா போறது கண்ணுக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அப்படி எத்தினி நாளைக்கு உக்காந்திருக்கறது?"

இன்று சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான், நாலு பேருக்கு வேலை கொடுக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்த அறையில் தப்பாகப் போன கணக்கு? அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆளை ஒரு சிரிப்பு வாயடைத்துவிட்டதே! நஷ்டம் அவனுக்கு மட்டுமா?

ஆகவே முன்னாள் மாணவ நண்பர்களே, நம்மில் பலர் இன்று மேனேஜர்களாக, இன்டர்வியூ எடுப்பவர்களாக இருக்கிறோம். நாளை நம் முன்னால் ஒரு பையனோ பெண்ணோ உட்கார்ந்து பதினாலாம் பக்கத்தைப் புரட்டினால், சிரிக்காதீர்கள். அர்த்தத்தைச் சொல்லிவிட்டுக் கணக்கைக் கேளுங்கள். இந்த விழாவின்போது ஒரு மாலை, இறுதியாண்டு மாணவர்களோடு உட்கார்ந்து, நாம் ஒவ்வொருவரும் மாட்டி முழித்த ஒரு சொல்லையாவது வெட்கப்படாமல் சொல்லிக்கொடுத்தால் என்ன? முதல் ஆளாக நான் வருகிறேன், பால்பார்க்கோடு. பட்டறைக்காரனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

சங்கப் பொறுப்பாளர்கள் ஆவன செய்யவும்!